கருந்துளையை நிறுப்பது எங்ஙனம்?

காய்கறியை நிறுக்கத் தராசு உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. சூரியனை நிறுக்கத் தராசு யாது என்று ஒரு பள்ளிச் சிறுவன் வினவினால் நாம் திகைக்க வேண்டியதில்லை. நாம் நிற்கும் இப்பூமியே அத்தராசு. சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பூமி சுற்றி வருகிறது. இத்தொலைவில் இவ்வேகத்துடன் ஓடும் பொருளைத் தப்பவிடாமல் பிடித்திருக்க எத்துணை ஈர்ப்பு வேண்டுமோ, அதற்கு ஏற்ற நிறை சூரியனுக்கு இருந்தே தீர வேண்டும். நியூட்டன் வகுத்த விதியின் சாரம் இது: தொலைவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது எதுவோ, அதற்கு ஒத்தபடியே நடுவிலுள்ள பொருளின் நிறையும் அமையும். வியாழன் பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவில், வினாடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதைக்கொண்டு கணக்கிட்டாலும் அதே சூரியன்தான் விடையாக வருகிறது. தொலைவும் வேகமும் தெரிந்தால் போதும். நடுவிலிருப்பது ஒளிர்கிறதா, இருண்டு கிடக்கிறதா என்பது பற்றி இவ்விதிக்குக் கவலை இல்லை.

இருண்டு கிடப்பதையும் இவ்வாறு நிறுத்துவிட்டார்கள். நம்முடைய பால்வீதி மண்டலத்தின் நடுவில், கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை ஒரு விண்மீன் 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வருவதைப் பல ஆண்டுகள் உற்று நோக்கி, அந்த ஒன்றின் நிறை ஏறத்தாழ 43 லட்சம் சூரியன்களுக்குச் சமம் என்று கண்டார்கள். அதன்பொருட்டே ரைன்ஹார்ட் கென்ஸெல், ஆண்ட்ரியா கெஸ் ஆகிய இருவரும் 2020-ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஆனால் நம் மண்டலத்தின் நடு, அமைதியான இடம், அண்மையிலும் உள்ளது. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அமைதியற்ற மண்டலங்களைப் பற்றி.

1943-இல் கார்ல் சீஃபர்ட் என்னும் அமெரிக்க வானியலார் ஆறு விண்மீன் மண்டலங்களின் நடுப்பகுதியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றின் நடுப்புள்ளி மிகுந்த ஒளியுடன் விளங்கியது. அவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தபோது, ஹைட்ரஜன் முதலியவற்றின் கோடுகள் மெல்லியனவாக இல்லாமல் மிக அகன்று காணப்பட்டன. புகைவண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சத்திலும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒளிக்கும் இஃதே இயல்பு. நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கமாகவும், விலகிச் செல்லும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கமாகவும் நகரும். இரண்டும் கலந்து வந்தால் கோடு அகலும். அவ்வகலத்தை அளந்தால், அங்குள்ள வாயு வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று தெரியவந்தது.

1963-இல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர், விண்மீன் போல் காட்சியளித்த 3சி 273 என்னும் பொருள் உண்மையில் நெடுந்தொலைவில் உள்ளது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து இன்று நம்மை வந்தடையும் ஒளி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அத்துணைத் தொலைவிலிருந்தும் இத்துணை ஒளியுடன் தெரிய வேண்டுமாயின், அது சூரியனைப்போல் லட்சம் கோடி மடங்குக்கும் மேலாக ஒளிர வேண்டும். இப்பேரொளியோ சிறு இடத்திலிருந்து பிறக்கிறது. இவ்வகைப் பொருள்களின் ஒளி சில நாள் அல்லது சில வாரங்களில் ஏறி இறங்குகிறது. ஒளி சில வாரங்களில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிய பொருள் முழுவதும் ஒருசேர அவ்வாறு மாற இயலாது. இந்த வாதத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதையே திருப்பிப் போட்டால் ஓர் அளவுகோல் கிடைக்கும் என்பதைச் சற்றுப் பின் காண்போம்.

சிறு இடத்திலிருந்து பேரொளி பிறப்பது எப்படி? 1964-இல் அமெரிக்காவில் சால்பீட்டரும் சோவியத் நாட்டில் ஸெல்டோவிச்சும் தனித்தனியே ஒரே விடையைக் கூறினார்கள். மிகப் பெரிய நிறையொன்று ஒடுங்கிக் கிடக்க, அதனுள் வாயு வீழ்கிறது; வீழுங்கால் சூடேறி ஒளிர்கிறது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கரு எரிவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான நிறையே ஆற்றலாகும். இவ்வீழ்ச்சியிலோ நூற்றுக்குப் பத்துப் பங்களவுகூட ஆற்றலாகலாம். 1967-க்குப் பின், ஜான் வீலர் எடுத்தாண்டதன் பயனாகக் ‘கருந்துளை’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் எங்கும் பரவிற்று. நாம் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டோம். பெயரில் துளை இருந்தாலும் அது வெற்றிடமன்று. ஒளியும் தப்ப இயலாதவாறு பொருள் செறிந்து ஒடுங்கிய இடம் என்பதை மட்டும் இங்கே கூறி மேலே செல்வோம்.

இனி, இதை நிறுப்பதில் உள்ள இடர்ப்பாடு யாது? வேகம் நம் கையில் இருக்கிறது. கோட்டின் அகலமே வேகம். கிடைக்காதது தொலைவு. ஓடும் வாயு முகில்கள் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதைக் கண்ணால் காண வழியில்லை. மிகப் பெரிய தொலைநோக்கியிலும் கருந்துளையும் அதைச் சூழ்ந்த முகில்களும் சேர்ந்து ஒரே புள்ளியாகவே தெரியும். பால்வீதியில் செய்ததுபோல் நடுவே சுற்றும் விண்மீன்களைப் பின்பற்றலாம் என்றால், தொலைவினால் அவை தனித்துத் தோன்றா. நடுப்புள்ளியின் பேரொளியோ அருகிலுள்ள அனைத்தையும் மறைத்துவிடும்.

இடத்தைக் காண முடியாவிட்டால் காலத்தைக் காணலாம் என்பதே அறிஞர்கள் கண்ட உபாயம். மின்னல் வெட்டியபின் இடி கேட்கும்வரை எண்ணிக்கொண்டிருந்து, மழை எத்தனை தூரத்தில் பெய்கிறது என்று கிராமத்தார் சொல்வதில்லையா? அதே முறைதான். நடுப்புள்ளியின் ஒளி திடீரெனக் கூடுகிறது. அவ்வொளி நேரே நம்மை வந்தடைகிறது. அதே ஒளி முகில்களையும் சென்று தாக்குகிறது; முகிலின் ஹைட்ரஜன் அதை உண்டு, தனக்குரிய கோட்டில் மீண்டும் உமிழ்கிறது. எனவே நடுப்புள்ளி பிரகாசித்துச் சில நாள் கழித்தே கோடு பிரகாசிக்கும். இடைப்பட்ட நாள்கள் எத்தனையோ, ஒளி அத்தனை நாளில் கடக்கும் தூரமே முகிலின் தூரம். நம் பக்கத்து முகிலின் ஒளி தாமதமின்றி வரும். மறுபக்கத்து முகிலின் ஒளி இருமடங்கு தாமதமாக வரும். சராசரி தாமதம் ஆரத்தைக் காட்டிவிடும்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஒலியுலகத்திலிருந்து இரவல் பெறப்பட்டது. அதன் பொருள் எதிரொலி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக்கொண்ட நமக்கு இங்கே தமிழ் ஒரு சிறு உதவி செய்கிறது. லகரத்தை ளகரமாக்கினால் ‘எதிரொளி’ ஆகிவிடுகிறது! கண்ணாடியில் தோன்றும் பிரதிபிம்பத்துக்கும் அச்சொல் வழங்குவதால், இங்கே முகில் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பவில்லை, உண்டு உமிழ்கிறது என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சோவியத் வானியலார் செரெபாஷ்சுக், லியூட்டி ஆகிய இருவரும் 1973-இலேயே இத்தகைய தாமதத்தைக் கண்டு எழுதினார்கள். 1982-இல் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் இதற்குரிய கணித முறையை வகுத்துப் பெயரும் சூட்டினர். ஆனால் முறை தெரிந்தால் போதுமா? ஒரே மண்டலத்தை நாள்தோறும், மாதக்கணக்கில், இடைவிடாது நோக்க வேண்டும். தொலைநோக்கி நேரம் பெறுவது அரிதாயிருக்கும் துறையில், ‘எங்களுக்கு எட்டு மாதம் வேண்டும்’ என்று கேட்பது எளிதன்று. ஆயினும் 1988 டிசம்பரிலிருந்து எட்டு மாத காலம், நான்கு நாளைக்கு ஒருமுறை, புறஊதா ஆய்வுக்கென விண்ணில் சுற்றிய ஐ.யூ.இ. செயற்கைக்கோளை என்.ஜி.சி. 5548 என்னும் மண்டலத்தின் மேல் திருப்பினார்கள். பூமியில் பல நாட்டுத் தொலைநோக்கிகள் உடன் நோக்கின. ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அம்மண்டலத்தில், ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடு நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ 20 நாள் பின்தங்கி ஏறி இறங்கியது.

இக்கணக்கை நேயர்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒளி 20 நாளில் கடக்கும் தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப்போல் ஏறத்தாழ 3,460 மடங்கு. முகிலின் வேகத்தை, கணக்கு எளிதாகும்பொருட்டு, வினாடிக்கு 3,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். இது பூமியின் வேகத்தைப்போல் 100 மடங்கு. அதன் வர்க்கம் 10,000. இரண்டையும் பெருக்கினால் 3 கோடியே 46 லட்சம். அத்தனை சூரியன்கள்! முறையான கணக்கீடுகள் இம்மண்டலத்தின் கருந்துளைக்கு 5 கோடி முதல் 7 கோடி சூரியன் அளவு நிறை கூறுகின்றன. சில்லறை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னர் காண்போம். அது சில்லறை அன்று.

அதற்கு முன் ஓர் ஐயம் எழும். வாயு உண்மையில் ஈர்ப்பினால்தான் ஓடுகிறது என்பதற்குச் சான்று என்ன? வெடித்துச் சிதறிப் பறப்பதாகவும் இருக்கலாமே! அப்படியாயின் இக்கணக்கு முழுவதும் பொய்யாகும். இதற்கு விடை 1999-இல் பீட்டர்சன், வாண்டல் ஆகியோரிடமிருந்து வந்தது. ஒரே மண்டலத்தில் ஹீலியம், கார்பன், ஹைட்ரஜன் என வெவ்வேறு கோடுகள் வெவ்வேறு தாமதம் காட்டுகின்றன. தாமதம் குறைந்த கோடுகள் அகன்றும், தாமதம் மிகுந்த கோடுகள் ஒடுங்கியும் இருந்தன. அதாவது, அண்மையிலுள்ள வாயு விரைந்தும் சேய்மையிலுள்ள வாயு மெல்லவும் ஓடுகிறது. தூரம் நான்கு மடங்கானால் வேகம் பாதியாகிறது. புதன் விரைந்தும் சனி மெல்லவும் சுற்றும் அதே விதி! எக்கோட்டைக்கொண்டு நிறுத்தாலும் ஏறத்தாழ ஒரே நிறை வந்தது. இத்துறையில் இதைக்காட்டிலும் மனத்துக்கு நிறைவளிக்கும் முடிவு வேறில்லை என்பது நம் எண்ணம்.

இத்தகைய நோக்கலுக்குப் பூமியின் எல்லாத் தீர்க்கரேகைகளிலும் கண்கள் வேண்டும். ஓரிடத்தில் பகலானால் மற்றோரிடத்தில் இரவு. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. அதைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். விண்மீன் ஒடுங்குவதற்கு ஓர் எல்லை வகுத்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கி நிற்பது பொருத்தமே. செயலூக்கம் மிக்க மண்டலங்களின் எதிரொளியை அளக்கும் பணியில் அதுவும் ஈடுபட்டு வருகிறது.

இனி, அந்தச் சில்லறைக்கு வருவோம். முகில்கள் எவ்வடிவில் அமைந்துள்ளன? கோளம்போல் எப்பக்கமும் சூழ்ந்துள்ளனவா, தோசைக்கல்போல் தட்டையாக உள்ளனவா? தட்டாயின், நாம் அதை மேலிருந்து காண்கிறோமா, பக்கவாட்டிலிருந்தா? மேலிருந்து காண்போமாயின், முகில் எத்துணை விரைந்து சுற்றினாலும் நம்மை நோக்கி வருவதும் விலகுவதும் சிறிதே; கோடு ஒடுங்கித் தோன்றும்; நிறை குறைத்து மதிப்பிடப்படும். எனவே கணக்கில் ‘வடிவக் காரணி’ என்னும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டியுள்ளது. அவ்வெண் யாதென்று அவ்வொளிப் புள்ளியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியவில்லை.

வேறு வழியில் அதை வருவித்தார்கள். அமைதியான மண்டலங்களில், கருந்துளையின் நிறைக்கும் அதைச் சூழ்ந்த விண்மீன் திரளின் வேகப் பரவலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்று 2000-ஆம் ஆண்டில் இரு குழுவினர் கண்டனர். செயலூக்கம் மிக்க மண்டலங்களும் அதே தொடர்பைப் பின்பற்றும் என்று கொண்டு, 2004-இல் ஆங்கனும் உடன் பணியாற்றியவர்களும் காரணி சராசரியாக 5.5 என்றனர். பின்னர் வந்தவர்கள் 4-க்கும் 5-க்கும் இடையிலும், சிலர் 3-க்கு அருகிலும் கண்டனர். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இது ஒரு கடைக்காரரின் எடைக்கல்லைப் பக்கத்துக் கடைக்காரரின் எடைக்கல்லோடு வைத்துச் சரிபார்ப்பது போன்றது. இரண்டும் ஒத்துப்போகும், இரண்டுமே குறைந்திருந்தால் யார் அறிவார்? எண்ணும் சராசரி எண்ணேயன்றித் தனியொரு மண்டலத்துக்கு உரியதன்று.

பக்கத்துக் கடைக் கல் எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். என்.ஜி.சி. 4258 என்னும் மண்டலத்தில் நீராவி மூலக்கூறுகள் ரேடியோ அலைகளை உமிழ்ந்துகொண்டு ஒரு மெல்லிய தட்டில் சுற்றுவதை 1995-இல் வெளியிட்டார்கள். அங்கே நிறை ஏறத்தாழ 4 கோடி சூரியன். ஐயத்துக்கு இடமின்றித் துல்லியமான அளவு. ஆனால் எம் 87 என்னும் மண்டலத்தில் விண்மீன்களைக்கொண்டு 2011-இல் கண்ட நிறை 660 கோடி சூரியன். வாயுவைக்கொண்டு 2013-இல் கண்டது 350 கோடி. ஏறத்தாழப் பாதி! உலகெங்குமுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 2019 ஏப்ரலில் வெளியிட்ட நிழற்படம் 650 கோடி என்று காட்டி, விண்மீன் கணக்கின் பக்கம் நின்றது.

தொலைவிலுள்ள ஆயிரக்கணக்கான மண்டலங்களை மாதக்கணக்கில் நோக்க இயலாது. அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நடுப்புள்ளி எத்துணைப் பிரகாசமோ, அதற்கேற்ப முகில்கள் தள்ளி அமைகின்றன. பெரிய அடுப்பானால் எட்ட நின்று குளிர்காய்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். பிரகாசத்தை அளந்தால் தூரத்தை ஊகிக்கலாம். கோட்டின் அகலத்தையும் சேர்த்தால், ஒரே இரவில் எடுத்த நிறமாலையிலிருந்து நிறை கிடைத்துவிடும். 2000-ஆம் ஆண்டில் காஸ்பி முதலியோர், 17 குவாசார்களை ஏழரை ஆண்டு நோக்கிய பின் இத்தொடர்பை நிலைநாட்டினர். பிறகு மிஸ்டி பென்ட்ஸ் என்னும் அம்மையார் ஒரு குறையைக் கண்டார். நடுப்புள்ளியின் ஒளி என்று கணக்கில் எழுதியதில், சூழ்ந்துள்ள மண்டலத்தின் விண்மீன் ஒளியும் கலந்திருந்தது. ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களைக்கொண்டு அதைக் கழித்தபின், தூரம் பிரகாசத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியது. ஒளி பரவும் இயல்பிலிருந்து எதிர்பார்க்கத் தக்கதும் அதுவே. 2013-இல் வெளியான அவ்வாய்வுக்கு ஆதாரமாக நின்றவை நாற்பத்தொரு மண்டலங்கள் மட்டுமே. 2014 முதல் ஒரே வானப் பகுதியில் 849 குவாசார்களை ஒருசேர நோக்கும் பெருமுயற்சி தொடங்கியது.

அதே 2014-இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. மிகுதியாக ஆராயப்பட்ட பழைய நண்பராகிய என்.ஜி.சி. 5548-ஐ, ஹப்பிளைக்கொண்டு ஏறத்தாழ ஆறு மாதம் நாள்தோறும் நோக்கினார்கள். பாதி வழியில், இரண்டு மாதங்களுக்கு, கோடுகள் நடுப்புள்ளியைப் பின்பற்றுவதையே விட்டுவிட்டன! முகில்கள் விடுமுறையில் சென்றுவிட்டன என்று ஆராய்ச்சியாளரே வேடிக்கையாகப் பெயரிட்டனர். அதுமட்டுமன்று, ஹைட்ரஜன் கோட்டின் தாமதம் ஏறத்தாழ 4 நாளாகவே இருந்தது. பிரகாசத்தைக்கொண்டு ஊகித்தால் அது ஐந்து மடங்கு இருந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து கிளம்பிய வாயுக்காற்று இடையே திரையிட்டது என்பது ஒரு விளக்கம். வருத்தத்திற்குரியதாயினும் பயனுள்ள செய்தி இது; ஒரே இரவில் நிறுக்கும் குறுக்கு வழியில் இரண்டு மூன்று மடங்கு பிழை நேரலாம் என்று அறிஞர்கள் எச்சரிப்பது வெறும் சம்பிரதாயப் பேச்சன்று.

காலத்தால் அளந்ததை இடத்தால் சரிபார்க்கும் வாய்ப்பு 2018-இல் வந்தது. சிலி நாட்டின் பரனால் மலையில், 8 மீட்டர் அகல ஆடியுள்ள நான்கு தொலைநோக்கிகளின் ஒளியைக் ‘கிராவிட்டி’ என்னும் கருவி ஒன்றாக இணைக்கிறது. அதைக்கொண்டு ஷ்மிட் கண்ட அதே 3சி 273-ஐ நோக்கினார்கள். கோட்டின் நீலப் பக்கத்து ஒளியும் சிவப்புப் பக்கத்து ஒளியும் ஒரே புள்ளியிலிருந்து வராமல், சற்றே விலகிய இரு இடங்களிலிருந்து வந்தன. முகில்கள் ஒழுங்காகச் சுற்றுகின்றன என்பதற்கு இது நேரடியான சான்று. முகில் வட்டத்தின் ஆரம் ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 46 பங்கு. சந்திரனில் ஒரு சிறு டவராவை வைத்தால் அதன் அகலம் நம் கண்ணில் பிடிக்கும் கோணம் அவ்வளவே. ஒளி அவ்வாரத்தைக் கடக்க 145 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். பத்தாண்டு நோக்கி எதிரொளி முறையால் வேறொரு குழுவினர் 2019-இல் வெளியிட்ட தாமதமோ ஏறத்தாழ 147 நாள்! கருந்துளையின் நிறை 26 கோடி சூரியன் என முடிவாயிற்று.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஒரு குவாசாரில், பிரபஞ்சத்துக்கு 67 கோடி ஆண்டே வயதாயிருந்த காலத்தில், 160 கோடி சூரியன் நிறையுள்ள கருந்துளை இருந்தது. இத்துணைக் குறுகிய காலத்தில் அது எங்ஙனம் வளர்ந்தது? தொடக்க வித்தே பெரிதாக இருந்ததா, அளவுக்கு மீறி உண்டதா? இவ்வினாவின் விடை அந்த 160 கோடி என்னும் எண்ணில் தொங்குகிறது. அவ்வெண்ணோ ஒரே நிறமாலையிலிருந்து, அண்மையிலுள்ள சில டஜன் மண்டலங்களின் அனுபவத்தை நீட்டிப் பெறப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 முதல் காட்டிவரும் சிறு செந்நிறப் புள்ளிகள் சிலவற்றில், கோட்டின் அகலம் வேகத்தால் மட்டும் வந்ததன்று, எலெக்ட்ரான்களில் ஒளி சிதறுவதாலும் வந்தது என்று சிலர் வாதிக்கின்றனர். அது மெய்யாயின் அவற்றின் நிறையை மிகவும் குறைக்க வேண்டிவரும்.

ஆகவே தொலைவிலுள்ளவற்றையும் நேரே அளக்கும் முயற்சி நடக்கிறது. மேம்படுத்தப்பட்ட அதே கிராவிட்டிக் கருவியால், 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளி புறப்பட்ட ஒரு குவாசாரில் முகில்களின் சுழற்சியைக் கண்டு, அதன் கருந்துளைக்கு 32 கோடி சூரியன் நிறை என்று 2024 ஜனவரியில் வெளியிட்டனர். அதன் பேரொளியை நோக்க இந்நிறை சிறிதே. சாதாரண வரம்புக்கு மேல் அது வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. அத்தொலைவில் முகில்களின் சுழற்சியை நேரே கண்டு நிறுத்தது அதுவே முதல் முறை.